ஸ்மார்ட் போர்டு வாங்கியாச்சு, தொடத்தான் ஆளில்லை: துறைத் தலைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி உண்டு. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் சாலைகளில் பின்னால் முளைத்த சுயநிதிக் கல்லூரிகளும் உண்டு. எதற்குள் நுழைந்தாலும் உறை போட்டு மூடிய புரொஜெக்டர் ஒன்றைப் பார்க்கலாம். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும் வாரம் உறை கழலும். குழு ரயிலேறியதும் மறுபடி மாட்டப்படும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், "சீனியர்களுக்கு வயசாயிடுச்சு, கத்துக்க மாட்டாங்க." இது பெரும்பாலும் தவறு. அதே சீனியர்தான் வங்கிக் கணக்கைப் போனில் பார்க்கிறார், ரயில் டிக்கெட்டைத் தானே எடுக்கிறார், வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு வீடியோ காலில் பேசுகிறார். அங்கெல்லாம் வேலை குறைகிறது, வகுப்பறையில் வேலை கூடுகிறது. அவர் மறுப்பது கருவியை அல்ல, கூடும் வேலையை. 10, 12 ஆசிரியர்கள் உள்ள ஒரு துறையில், 90 வேலை நாள் கொண்ட ஒரே பருவத்துக்குள் இந்தக் கணக்கை எப்படித் திருப்புவது என்பதே கீழே உள்ளது.

முதலில் அவர் போடும் கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. டைம் டேபிளில் ஏறுவது இந்த மணிகள்தான். பத்து நிமிட வீடியோ ஒன்றை முதல் தடவை தயாரிப்பவருக்கு எழுத, பதிய, வெட்ட, ஏற்ற என்று அரை நாள் போய்விடும். அந்த அரை நாளுக்கு டைம் டேபிளில் கட்டம் கிடையாது.

அடுத்தது இரட்டை வேலை. இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வருகையைக் கையேட்டில் எழுத வேண்டும், கல்லூரி மென்பொருளில் ஏற்ற வேண்டும், மாதக் கடைசியில் ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) அனுப்பும் எக்செல் தாளிலும் நிரப்ப வேண்டும். ஒரே தகவல், மூன்று இடம். இதன் மேல் நாலாவதாக ஒரு செயலியை இறக்கினால் யார்தான் கைதட்டுவார்கள்?

பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இல் கண்டது இங்கே அப்படியே பொருந்தும்: ஒரு கருவியை மக்கள் எடுத்துக்கொள்வதற்கு, அது சுலபமாக இருப்பதைவிட அது தமக்குப் பயன்படும் என்ற எண்ணமே வலுவான காரணம். நம் கல்லூரிகள் தலைகீழாகச் செய்கின்றன. "ரொம்ப ஈஸி சார்" என்று பயிற்சி நடத்துவார்கள், "உங்களுக்கு இதில் என்ன மிச்சம்" என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரே கருவிக்கு மூன்று விதமான ஆசிரியர் மூன்று பதில் சொல்வார் என்பதையும் மனதில் வையுங்கள். நிரந்தரப் பணியில் இருப்பவருக்குப் பதவி உயர்வு உண்டு. 2018 விதிகளின் மதிப்பெண் அட்டவணையில், நான்கு கூறுகளும் கொண்ட முழு மூக் (யாரும் சேரக்கூடிய இணையவழி) பாடத்துக்கு 20 மதிப்பெண், முழு மின்பாடத்துக்கு 12. சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கு அடுத்த ஆண்டுப் பணி நீட்டிப்புதான் கவலை. கௌரவ விரிவுரையாளருக்கு இரண்டும் இல்லை. அவர் செய்து வைப்பதை வேறொருவர் அனுபவிப்பார். மூவருக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்பினால் ஒருவருக்குக்கூட அது பொருந்தாது.

முதல் வாரம்: ஆளுக்கு 20 நிமிடம்

கூட்டம் போடாதீர்கள். கூட்டத்தில் எல்லாரும் "சரி சார்" என்பார்கள், அதோடு முடிந்தது. ஒவ்வொருவரையும் அவர் மேசையிலேயே சந்தித்து மூன்று கேள்வி கேளுங்கள். போன வாரம் எந்த எழுத்து வேலை உங்கள் நேரத்தை அதிகம் தின்றது? எந்தப் பாடப் பகுதியைக் கரும்பலகையில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை? கடைசியாக எந்தக் கருவி வகுப்பில் உங்களைக் கைவிட்டது, எப்படி?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெக்கி எர்ட்மர் 1999இல் தடைகளை இரண்டாகப் பிரித்தார். கருவி, நேரம், பயிற்சி போன்ற வெளித்தடை ஒன்று. கற்பித்தல் பற்றி ஆசிரியர் கொண்டிருக்கும் நம்பிக்கை என்ற உள்தடை இன்னொன்று. "கேபிள் சேரல" என்பது முதல் வகை, டவுன் ஹால் ரோட்டுக்குப் போய் வந்தால் தீரும். "படம் காட்டினா பசங்க நோட்ஸ் எழுத மாட்டேங்கிறான்" என்பது இரண்டாம் வகை. இதைப் பணம் கொடுத்துத் தீர்க்க முடியாது. இரண்டாவதை முதலாவதாக நினைத்துப் புது லேப்டாப் வாங்கிக் கொடுப்பதுதான் நிர்வாகங்கள் அடிக்கடி செய்யும் செலவு.

இரண்டாம் வாரம்: வயரும் வெளிச்சமும்

50 நிமிடப் பீரியடில் அலுவலகத்தில் சாவி வாங்க, ரிமோட் தேட, கேபிள் மாட்ட 8 நிமிடம் போனால், மூன்றாம் முறையோடு ஆசிரியர் சாக்பீஸுக்குத் திரும்பிவிடுவார். அது பிடிவாதம் அல்ல, பாடம் முடிக்க வேண்டுமே என்ற பதற்றம். துறைக்கு ஒரு துணிப்பை வையுங்கள். உள்ளே 5 மீட்டர் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள், ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றி (பழைய புரொஜெக்டர்கள் பலவற்றில் வி.ஜி.ஏ. மட்டும்தான்), டைப்-சி மாற்றி, மூன்று முனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு பென் டிரைவ். பை துறை அறையிலேயே இருக்கட்டும், கையெழுத்துப் போடாமல் எடுக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

மேற்குப் பக்கம் ஜன்னல் உள்ள அறையில் மார்ச் மாதப் பிற்பகலில் திரையில் ஒன்றும் தெரியாது. வெளிச்ச அளவு 3,000 லூமனுக்குக் கீழே உள்ள புரொஜெக்டரை அங்கே மாட்டுவது வீண். முதலில் ஜன்னலுக்குக் கெட்டித் துணித் திரை போடுங்கள், அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். கடைசி பெஞ்ச், திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்லைடில் எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. தமிழில் சுழியும் விசிறியும் இருப்பதால் 32 நல்லது. புரொஜெக்டரின் வடிகட்டியில் தூசி அடைத்தால் விளக்கு சூடேறி அணைந்துவிடும். மாதம் ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்யும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். மெயின் ஸ்விட்சை நேரடியாக அணைப்பதால்தான் விளக்குகள் சீக்கிரம் போகின்றன. புரொஜெக்டருக்குள் இருக்கும் மின்விசிறி நின்ற பிறகே அணைக்க வேண்டும். மின்தடையும் விளக்குக்கு அதே கேடுதான் செய்யும். சின்ன யு.பி.எஸ். ஒன்று இருந்தால் முறையாக அணைக்க அவகாசம் கிடைக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்த்து, அந்த நாளைத் துறைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் வாரம்: ஒரே ஒரு வேலையைக் குறைத்துக் காட்டுங்கள்

பாடம் நடத்துவதில் கை வைக்காதீர்கள். முதலில் மதிப்பெண் வேலையைக் குறையுங்கள். மூன்று உள்மதிப்பீட்டுத் தேர்வில் சிறந்த இரண்டின் சராசரி கண்டுபிடிப்பது பல துறைகளில் இன்னும் கையால்தான் நடக்கிறது. எக்செல்லில் வழி சுருக்கமானது: மூன்றையும் கூட்டு, அதில் மிகக் குறைந்ததைக் கழி, இரண்டால் வகு. ஒரு மாணவருக்கு எழுதி, கீழே இழுத்தால் 60 பேருக்கும் வந்துவிடும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. தேர்வுக்கு வராதவருக்கு வழக்கம்போல் "ஏபி" என்று எழுத்தில் போட்டால், எக்செல் அந்தக் கட்டத்தையே கணக்கில் எடுக்காது. 20, 18, ஏபி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் 38. மிகக் குறைந்தது 18 என்று எடுத்துக்கொண்டு கழிக்கும், மீதி 20, பாதி 10. வர வேண்டியது 19. மாணவர் சண்டைக்கு வருவார், ஆசிரியர் "இந்தக் கம்ப்யூட்டரே வேணாம்" என்று நோட்டுக்குப் போய்விடுவார், திரும்ப மாட்டார். வராதவருக்கு 0 போடுங்கள், அந்தக் கட்டத்துக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுங்கள். முதல் முறை ஐந்து மாணவர் மதிப்பெண்ணைக் கையாலும் போட்டு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

இதோடு கூடவே செய்ய வேண்டியது: எக்செல் அச்சில் ஆசிரியர் கையெழுத்திட்டால் அதுவே பதிவேடு, தனிக் கையேடு தேவையில்லை என்று முதல்வரிடம் ஒரு சுற்றறிக்கை வாங்குங்கள். இந்தத் தாள் கைக்கு வராமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. பழையது ஒழியாமல் புதியது வந்தால் இரட்டை வேலைதான்.

எழுத்துருச் சிக்கல்

வரலாறு, பொருளியல், தமிழ் ஆகிய துறைகளில் இருபது ஆண்டுக் கேள்வித்தாள்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. இவற்றைக் கூகுள் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வரும். காரணம், அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது ஆங்கிலம்தான். "என் கேள்வி பேங்க் எல்லாம் போச்சா?" என்று ஒரு பேராசிரியர் கையை விரித்தால், அதில் நியாயம் இருக்கிறது.

என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால், எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடாகிவிடும். மூன்று இடத்தில் இடறும். முதலாவது, கேள்விக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக நினைத்து மாற்றிவிடும். ஆகவே முழுக் கோப்பையும் போடாமல் தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றுங்கள். இரண்டாவது, ஒகர ஓகாரக் குறிகளும், ஸ்ரீ, க்ஷ, மேற்கோள் குறிகளும் சில சமயம் பிசகும், அவற்றை மட்டும் கண்ணால் தேடுங்கள். மூன்றாவது, பி.டி.எஃப்.பிலிருந்து நகல் எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறும், வேர்டு கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும்.

புதிதாக அடிப்பதற்குத் தட்டெழுத்து தெரியாதவர்க்கு, கூகுள் டாக்ஸில் குரலால் தட்டச்சு செய்யும் வசதியைக் காட்டுங்கள். தமிழ் நன்றாகவே கேட்கிறது. ஆனால் பேச்சுத் தமிழில் சொன்னால் சொதப்பும், வகுப்பில் குறிப்பு சொல்லி எழுதவைக்கும் தொனியில் நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தொனி பேராசிரியர்களுக்குக் கைவந்தது என்பதால் மாணவர்களைவிட அவர்களுக்கே இது நன்றாக அமையும். ஸ்லைடுகளைப் பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வேறு கணினியில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வந்து வகுப்பே சிரிப்பது அதனால் நிற்கும்.

நாலாவது முதல் எட்டாவது வாரம் வரை: ஒரு தேர்வு

60 மாணவர், 20 கொள்குறி வினா என்றால் 1,200 விடைகளைத் திருத்த வேண்டும். இரண்டு வகுப்பு என்றால் 2,400. இதைக் கூகுள் படிவம் நொடியில் திருத்தும் என்பதை ஆசிரியரே ஒரு முறை பார்த்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

படிவத்தின் அமைப்பில் அதை வினாடி வினாவாக மாற்றுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையும் மதிப்பெண்ணும் குறியுங்கள். விடைத் தெரிவுகளின் வரிசை மாறிமாறி வரும்படி வையுங்கள். மதிப்பெண் உடனே தெரியாமல் பிறகு வெளியிடும்படி வையுங்கள். முதலில் முடித்தவன் விடையைப் பரப்புவது இதனால் குறையும். பதிவு எண்ணைத் தட்டச்சிட விடாதீர்கள், பத்து விதமாக அடிப்பார்கள். கீழிறங்கும் பட்டியலில் கொடுங்கள்.

சாதாரண வீட்டு ரவுட்டர் 60 போன்களைத் தாங்காது. அவரவர் மொபைல் டேட்டாவில் எழுதட்டும், அல்லது இருபது இருபதாகப் பிரியுங்கள். பழைய கட்டடங்களின் தடித்த சுவருக்குள் சிக்னல் வராது, முந்தின நாளே அந்த அறையில் நின்று பாருங்கள். கியூ.ஆர். குறியைத் திரையில் காட்டினால், தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்க வேண்டும். 6 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு 60 சென்டிமீட்டர். போன் இல்லாத மாணவர், வீட்டில் அண்ணனோடு ஒரே போனைப் பகிர்பவர் எப்போதும் இருப்பார்கள். ஐந்தாறு அச்சுத்தாள்கள் கையில் இருக்கட்டும், யார் என்று கையைத் தூக்கச் சொல்லாதீர்கள்.

வீட்டிலிருந்து கேட்கும்படி பாடம் அனுப்ப விரும்பும் ஆசிரியருக்கு ஒலிப்பதிவையே பரிந்துரையுங்கள். 64 கே.பி.பி.எஸ். ஒலியில் பத்து நிமிடம் 4.8 எம்.பி. மட்டுமே. பேரையூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் பேருந்தில் வரும் பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வரலாம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவருக்குத் தினம் 2 ஜி.பி. இலவசமாகக் கொடுத்தது. அந்த நாலு மாதம் போய்விட்டது, வீடியோவைப் பெரிதாக்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

பயிற்சி யார் கொடுப்பது

கம்ப்யூட்டர் லேபில் 40 பேரை உட்காரவைத்து ஒருவர் மேடையில் பேசும் பயிற்சியால் பயன் குறைவு. 2020 ஊரடங்கில் குவிந்த இ-சான்றிதழ்களே சாட்சி. முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர், இரண்டாண்டு அனுபவமுள்ளவர் முன்னால் மவுஸைத் தேடித் தடுமாற மாட்டார். "எனக்கு இதெல்லாம் தேவையில்லப்பா" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். மானம் காக்கும் பேச்சு அது.

அதே பாடம் நடத்தும் ஒருவரை அவரோடு சேருங்கள். இருவர் மட்டும், 40 நிமிடம், கதவு சாத்திய அறை. மாதிரிக் கோப்பு கூடாது. அடுத்த வாரம் அவர் நடத்தவிருக்கும் தேர்வின் கேள்வித்தாளையே எடுக்க வேண்டும். மவுஸ் அவர் கையில்தான் இருக்க வேண்டும், சொல்லித் தருபவர் கை பின்னால் கட்டியிருக்கட்டும். "விடுங்க சார், நானே செஞ்சுடுறேன்" என்ற ஒரு வார்த்தை அந்தப் பயிற்சியைக் கொன்றுவிடும்.

நம்பரும் பதிவும்

பெண் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவைத் தவிர்ப்பதற்கு நல்ல காரணம் உண்டு. சாதாரணக் குழுவில் எல்லா எண்ணும் எல்லாருக்கும் தெரியும், இரவு பதினோரு மணிக்கு "மேம், இன்டர்னல் எவ்ளோ?" என்று செய்தி வரும். கூகுள் கிளாஸ்ரூமில் எண் தேவையில்லை. வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் சேனல் வையுங்கள், அதில் நடத்துபவர் எண் பின்தொடர்பவருக்குத் தெரியாது.

வகுப்பைப் பதிவு செய்யச் சொல்வதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: பதிவு யாருக்குச் சொந்தம், யார் பார்க்கலாம், எத்தனை மாதம் இருக்கும், பணி மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தமாட்டோம், ஆசிரியர் விலகிய பின் அவர் குரலைக் கொண்டு வகுப்பு நடத்தமாட்டோம். கடைசி வரிதான் சுயநிதி ஆசிரியர் மனதில் இருப்பது, வாய் திறந்து கேட்கமாட்டார்.

மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் விஷயமும் இப்படித்தான். 2021 விதிகளின்படி ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழி எடுக்கலாம். மாணவர் அங்கே போனால் துறையின் வகுப்பு மணி குறையும், மணி குறைந்தால் பணியிடம் குறையும் என்று அஞ்சுவது வீண் பயம் அல்ல. அந்தப் பாடத்துக்குத் துறை ஆசிரியரை வழிகாட்டியாக நியமித்து, வாரம் ஒரு மணி டைம் டேபிளில் போடுங்கள். எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

மறுப்பே சரியாக இருக்கும் இடம்

கணிதப் பேராசிரியர் ஸ்லைடை மறுத்தால் விட்டுவிடுங்கள். நிறுவல் வரி வரியாக விரியும் வேகமும் மாணவர் கை எழுதும் வேகமும் கரும்பலகையில் ஒத்துப்போகின்றன. ஸ்லைடில் முழு நிறுவலும் ஒரே அடியாகக் கொட்டிவிடும். அவருக்கு உதவ வேண்டுமானால் பாடம் முடிந்ததும் பலகையைப் படம் எடுத்து ஏற்ற ஒரு மாணவரை நியமியுங்கள்.

மாறாக, கருவி இல்லாமல் முடியாத இடத்தில் யாரும் தயங்குவதில்லை. 2014இல் மானியக் குழு விலங்குகளை அறுக்கும் செய்முறையை நிறுத்தச் சொன்னதும் விலங்கியல் துறைகள் கணினி மாதிரிகளுக்கு வந்தன. வணிகவியலில் டேலி வேண்டுமா என்று விவாதமே கிடையாது. இயற்பியலில் ஃபைபாக்ஸ் செயலி இணையம் இல்லாமலே போனின் உணர்கருவிகளைக் கொண்டு ஊசல் சோதனை செய்யும். வரலாற்று மாணவரைச் சமணர் மலைக்கு அழைத்துப்போனால், வட்டெழுத்துக் கல்வெட்டின் மேல் போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல் நிழலோடு தெரியும்.

தமிழ்த் துறையைத்தான் எல்லாரும் கடைசியில் வைக்கிறார்கள். முதலில் வைக்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், இந்த ஊர்ப் பெயரிலேயே தமிழ் நூல்களை மின்னுரையாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு சொல் சங்கப் பாடல்களில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிக் காட்டுங்கள். அட்டைக் குறிப்புகளில் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது என்று அறிந்தவர் அவர். அவர்தான் அடுத்த அறைக்குப் போய்ச் சொல்வார். ஆனால் மின்னுரையில் பிழை உண்டு, மேற்கோளை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்ட பிறகே எடுக்க வேண்டும் என்று அவரே எச்சரிப்பார். அதைக் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவில் எழுதிவரும் அசைன்மென்ட் பற்றிய கோபத்துக்கு ஒரே ஒரு வழி: கண்டுபிடிப்பான் மென்பொருள்களை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள், அவை தவறும். ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம், எழுதியதில் ஒரு பத்தியை விளக்கச் சொல்லுங்கள். 60 பேருக்கு இரண்டு மணி நேரம், மூன்று பீரியடில் முடியும்.

பருவக் கடைசியில்

எத்தனை ஸ்லைடு ஏற்றினார்கள் என்று எண்ணாதீர்கள், எண்ணினால் ஸ்லைடுதான் வரும். உங்களைக் கூப்பிடாமல் இரண்டாம் முறை தாமாகச் செய்தவர் எத்தனை பேர் என்று பாருங்கள். 12 பேரில் நாலு பேர் என்றால் நல்ல பருவம். மீதிப் பேரை அந்த நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள். புதிதாக எதையும் ஏப்ரலில் தொடங்காதீர்கள். பருவத் தேர்வும் சித்திரைத் திருவிழாவும் சேர்ந்து வரும் நேரத்தில் யாருக்கும் காது கேட்காது.

படிவங்கள், மதிப்பெண் தாள்கள், கேள்வி வங்கி எல்லாம் துறைக்கென்று உருவாக்கிய கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். கௌரவ விரிவுரையாளர் தம் சொந்த ஜிமெயிலில் வைத்திருந்தால், அவர் போன மறுநாள் துறைக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர் கையால் உரிமையை மாற்றி வாங்குங்கள், தயாரித்தவர் என்று அவர் பெயர் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, தேதி எழுதி, துறை பீரோவில் பூட்டுங்கள்.